எந்தக் கிண்ணம்?

“இதுக்கு முன்னாடி ஸ்கேனுக்கு மருந்து ஊசி போட்டு ஒத்துக்காமப் போயிருக்கா?” என்று ஸ்கேன் எடுக்கிற சுதர்ஷினி கேட்டாள்.

“இல்லீங்க மிஸ்,” என்றாள் ஜீவராணி.

ரப்பர் தோட்டத்துச் சனங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு உருப்படியான பதில் வாங்கியவர் யாரும் கிடையாது. தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்த சுதர்ஷினிக்கு அது தெரியாததா? சுகமில்லை என்று டிஸ்பென்சர் ஐயாவிடம் வாயைத் திறந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான். அடுத்த நாளும் திறந்தால் பால்வெட்டிலிருந்து எடுத்துக் கூலி குறைந்த புல்வெட்டில் போட்டுவிடுவார்கள். அதனால் அங்கே எல்லோரும் பாடையில் ஏறுகிற நாள்வரை சுகமாகத்தான் இருப்பார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். வற்புறுத்திக் கேட்டால் ஒன்றுமே இல்லை என்பார்கள்.

சுதர்ஷினி படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

ஜீவராணிக்கு நாற்பத்து நான்கு வயது. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள். எட்டு மாதத்துக்கு முன் நிறைந்த வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் பிசகிவிட்டது. மூன்று தடவை நீர் எடுத்தார்கள். மூன்று தடவையும் மறுபடி வீங்கியது. உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறதா, அல்லது மூட்டின் உள்ளுறைதான் அழன்று நீர் கோக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த ஸ்கேன் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இங்கே ஒரு புது சி.டி. மெஷின் வந்து மூன்று மாதமாகிறது. சுதர்ஷினி வேலைக்குச் சேர்ந்தும் அதே மூன்று மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

புது மெஷினின் கெட்டித்தனம் இதுதான். அயடின் மருந்தை மூட்டுக்குள்ளும் கெடோலினியம் மருந்தை இரத்த நாளத்திலும் ஏற்றுவார்கள். கிண்ணத்தில் ஊற்றினால் இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். பழைய மெஷினில் படம் எடுத்தால் இரண்டும் ஒரே வெள்ளையாக விழும்; எது எங்கிருந்து வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. புதியதோ தன்மேல் வந்து விழும் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணி, எதற்கு எவ்வளவு வலு என்று பார்த்து, அயடினை ஆரஞ்சு நிறத்திலும் கெடோலினியத்தை நீல நிறத்திலும் பிரித்துக் காட்டிவிடும்.

தட்டில் இரண்டு சிறிய எவர்சில்வர் கிண்ணங்களை வைத்து இரண்டு மருந்தையும் ஊற்றிவிட்டு, சுதர்ஷினி ஜீவராணியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடைவழியில் பாதி தூரம் வந்ததும் ஜீவராணி கழுத்தைத் திருப்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீ ரெண்டாம் நம்பர் லயத்து மாரியாயி மகதானே?”

“ஆமாக்கா. எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?”

“மூக்கு அப்பிடியே அவ மூக்கு. இவ்வளவு நேரமா மிஸ்சு மிஸ்சுன்னு கூப்பிட்டுட்டேன் பாரு.” ஜீவராணி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்ப ஒண்ணு சொல்றேன். நம்ம புள்ளன்னு சொல்றேன், எழுதிடாத. ரெண்டு வருசத்துக்கு முந்தி வயித்து வலின்னு கொழும்புல ஸ்கேன் எடுத்தாங்க. அயடினோ என்னமோ, ஊசி போட்டதும் ஒடம்பெல்லாம் தடிச்சிருச்சு. தொண்ட அடைச்சு மூச்சு நின்னு போச்சு. கண்ணு முழிச்சப்ப வாயில கொழாய் இருந்துச்சு.”

சுதர்ஷினி நாற்காலியை அப்படியே நிறுத்தினாள்.

“அக்கா! இதத்தானே கேட்டேன்?”

“சொன்னா வூட்டுக்குப் போன்னு அனுப்பிருவாங்கள்ல? எட்டு மாசமா நொண்டுறேன் புள்ள. இன்னிக்கு விட்டா மறுபடி எப்பயோ.”

சுதர்ஷினி நேரே டொக்டர் இளங்குமரனிடம் போய்ச் சொன்னாள். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், அவசரக்காரர். கையுறை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அப்ப அயடின் வேண்டாம். கெடோலினியத்தை மட்டும் முழங்காலுக்குள்ள போடுவம். நாளத்துக்கு ஒண்டும் வேண்டாம்.”

“ரெண்டு கிண்ணத்துலயும் ஊத்திட்டேன் டொக்டர்.”

“அயடினைத் தள்ளி வையும். போய் மெஷின்ர புரோகிராமை மாத்தும், நேரம் போகுது.”

அயடினைக் கொட்டியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் கிண்ணத்தில் லேபிளாவது ஒட்டியிருக்க வேண்டும். லேபிள் சுருள் எதிரே மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எட்டடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் நடக்கவில்லை. அயடின் கிண்ணத்தை இடது ஓரத்துக்குத் தள்ளினாள், கெடோலினியத்தை வலது பக்கம் டொக்டரின் கைக்கு எட்டும்படி வைத்தாள், “வலது பக்கம் இருக்கிறதுதான் டொக்டர்” என்று சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தாள். ஊசி போட்டு முடிந்திருந்தது. டொக்டர் முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் இல்லாத வேளைகளில் தட்டுப் பிடிக்கும் உதவியாளர் மூக்கையா கையுறையோடு பக்கத்தில் நின்றார். சுதர்ஷினியின் கண் தட்டின்மேல் போனது.

இடது பக்கக் கிண்ணம் காலியாகிக் கவிழ்ந்திருந்தது. வலது பக்கக் கிண்ணம் நிறைந்து தளும்பிக்கொண்டு நின்றது.

வலது பக்கத்துக் கிண்ணம் அப்படியே இருக்கிறது என்றால், முழங்காலுக்குள் போனது எது?

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். பொய் சொல்வானேன்? ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று மனம் நைசாகச் சொன்னது. நாளத்தில் ஏற்றுவதைவிட மூட்டில் போடுவதில் ஆபத்துக் குறைவுதானே என்று படித்ததையெல்லாம் துணைக்கு இழுத்தது. தோட்டத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த முதல் பெண் நீ, அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றது. படுக்கையில் ஜீவராணி அவளைப் பார்த்துச் சிரித்தாள். நம்ம புள்ள இருக்கிறாள் என்ற சிரிப்பு அது.

“டொக்டர்,” என்றாள் சுதர்ஷினி. “எந்தக் கிண்ணத்துல இருந்து எடுத்தீங்க?”

“நீர் சொன்ன வலது பக்கத்துக் கிண்ணத்திலதான் எடுத்தனான்.”

“வலது பக்கத்துக் கிண்ணம் நிறைஞ்சிருக்கு டொக்டர்.”

இளங்குமரன் திரும்பித் தட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“மூக்கையா, கிண்ணத்தைத் தொட்டனீரோ?”

மூக்கையாவுக்கு அறுபது வயது. இந்த வேலைக்கு வருமுன் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றியதும் வெற்றுச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வது பால்வெட்டுக்காரர்களின் கை தானாகச் செய்கிற காரியம். கவிழ்க்காமல் போனால் மழைத்தண்ணீர் நிறைந்து மறுநாள் பால் கெட்டுப்போகும், கங்காணி வாயில் வந்தபடி ஏசுவார். ஒரு நாளைக்கு முந்நூறு சிரட்டை கவிழ்த்த கை அது.

“காலியானதக் கவுத்து அந்தப் பக்கம் தள்ளிட்டு, நெறஞ்சத ஐயா கைக்கிட்ட வச்சேனுங்க,” என்றார். “கை பழக்கமுங்க.”

அப்படியானால் பயமில்லை. சுதர்ஷினிக்கு மூச்சு வந்தது. ஆனாலும் கேட்டாள்.

“அதுக்கு முன்னாடி தொட்டீங்களா அண்ணே? டொக்டர் மருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி?”

மூக்கையா தட்டில் விரித்திருந்த துணியைத் தொட்டுக் காட்டினார்.

“துணி சுருங்கி இருந்துச்சுங்க. ரெண்டையும் தூக்கி, துணியச் சரியா விரிச்சு, மறுபடி வச்சேன்.”

“எத எங்க வச்சீங்க?”

“தண்ணி மாதிரி இருந்துச்சு புள்ள, ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்துச்சு.”

“லேபிள் எங்க?” என்றார் டொக்டர்.

“ஒட்டல டொக்டர். நான் ஒட்டல.”

ஏசுவதற்கு நேரமில்லை என்பது அவள் அதிர்ஷ்டம். இளங்குமரன் ஒவ்வாமைக்கான ஊசியை, ஜீவராணியின் கையில் ஏற்கெனவே செருகியிருந்த நாளக் குழாய் வழியே ஏற்றினார். அட்ரினலினை எடுத்துத் தயாராக வைத்தார். மூட்டை மறுபடி குத்திக் கழுவுவதா என்று யோசித்தார். உள்ளே போனது கெடோலினியமாக இருந்தால் அது வீண் குத்து. ஏற்கெனவே வீங்கிய மூட்டில் கிருமி தொற்றவும் கூடும். அயடினாக இருந்தால் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அது இரத்தத்தில் ஊறும்.

“படம் எடும். அந்த நிறைஞ்ச கிண்ணத்தையும் மூடிக் காலுக்குப் பக்கத்தில வையும். ரெண்டும் ஒரே படத்தில விழட்டும்.”

படம் எடுக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆனால் நிறம் பிரிப்பதற்கு அந்த மெஷின் நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் முதல் படம் வந்தது. முழங்காலுக்குள் பளீரென்று வெள்ளை, பக்கத்துக் கிண்ணத்திலும் அதே வெள்ளை. திரையின் அடியில் ஒரு கோடு மெல்ல மெல்ல வலது பக்கமாக நகர்ந்தது. ஐந்து வீதம். ஒன்பது வீதம். சுதர்ஷினி தன் வாழ்க்கையில் எந்தச் சாமியையும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அப்பால் ஜீவராணி கையைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தாள்.

டொக்டர் மைக்கை அழுத்தினார். “அம்மா, தோல் கடிக்குதோ? மூச்சு எடுக்கக் கஷ்டமா இருக்குதோ?”

“இல்லீங்க ஐயா. நல்லா இருக்கேனுங்க.”

பதினெட்டு வீதம். மறுபடி சொறிந்தாள். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்று கண்ணாடிப் பக்கம் ஒரு திருட்டுப் பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைச் சுதர்ஷினிக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சலோடு மலையில் பால் வெட்டப் போகிற நாட்களில் அவள் அம்மா கங்காணியைப் பார்க்கிற பார்வை அது.

“டொக்டர், அவங்க சொல்ல மாட்டாங்க. செத்தாலும் சொல்ல மாட்டாங்க. நான் உள்ள போறேன்.”

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அட்ரினலினோடு டொக்டரும் பின்னால் வந்து கதவருகே நின்று, அங்கிருந்தே திரையைப் பார்த்தார்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. என்ன செய்யுது?”

“கமக் நே,” என்றாள் சிங்களத்தில். “ஒண்ணுமில்ல புள்ள. இங்க கொஞ்சம் குளிரு.” உதட்டைச் சுற்றி லேசாகத் தடித்திருந்தது. குரல் கரகரத்தது. “படம் விழுந்துச்சா? மறுபடி வரச் சொல்லிருவாங்களோ?”

“படம் விழுந்திருச்சு. யாரும் உங்களத் திருப்பி அனுப்பல. தொண்ட எப்பிடி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

சுதர்ஷினிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள்.

“அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். ஒங்களுக்கு ஆகாத மருந்து காலுக்குள்ள போயிருக்கும் போல இருக்கு. கிண்ணத்துல நான்தான் பேரு ஒட்டாம விட்டேன். மூக்கையா அண்ணன் இல்ல, டொக்டர் இல்ல, நான். நீங்க இப்ப மறைச்சா என் கையாலயே ஒங்களக் கொன்னதா ஆயிரும். மாரியாயி மக கேக்குறேன். சொல்லுங்கக்கா.”

ஜீவராணி அவளையே பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடத்தில் டிஸ்பென்சர் ஐயா, கணக்கப்பிள்ளை, தொரை என்று எத்தனையோ பேர் முன்னால் நின்றவள். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் வாயிலிருந்து ‘நான் தப்புப் பண்ணிட்டேன்’ என்ற சொல் வந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். முழங்கை வரைக்கும் சிவந்து தடித்துக் கிடந்தது.

“அடைக்குதுடி,” என்றாள். “அன்னைக்கு மாதிரியே. நெஞ்சு... மூச்சு இழுக்க முடியல.”

அட்ரினலின் தொடையில் இறங்கியது. அதே சமயம் திரையில் கோடு கடைசிக்கு வந்து நிறம் விரிந்தது. கிண்ணம் நீலம். முழங்கால் முழுதும் ஆரஞ்சு.

அதன் பிறகு யாரும் யோசிக்கவில்லை, செய்தார்கள். மூக்கையா ஒட்சிசன் உருளையை உருட்டிக்கொண்டு வந்தார். மேல்மாடியிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள். இளங்குமரன் மூட்டைக் குத்தி உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார், உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார், மறுபடி எடுத்தார். இரண்டாவது அட்ரினலினும் போட வேண்டியிருந்தது. சுதர்ஷினி ஜீவராணியின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இழுங்கக்கா, இழுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை அந்தக் கண்கள் மேலே செருகின. சுதர்ஷினி பெயரைச் சொல்லிக் கத்தினாள். கண்கள் மெல்ல இறங்கி வந்தன.

இருபது நிமிடம் கழித்து மூச்சு சீரானது. தடிப்பு அடங்கத் தொடங்கியது. மூக்கையா சுவரோரம் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

இளங்குமரன் முகம் கழுவிக்கொண்டு வந்து, தவறுகளைப் பதிகிற புத்தகத்தைத் திறந்தார்.

“ஆர் கிண்ணத்தை மாத்தினது?”

மூக்கையா துள்ளி எழுந்தார். “நான்தாங்க ஐயா. எல்லாம் என் தப்புதாங்க.” கையுறையைக்கூடக் கழற்றாமல் கைகட்டி நின்றார். தொரை கேட்டால் யாராவது ஒருவர் உடனே இப்படிச் சொல்லிவிட வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். சொல்லிவிட்டால் மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இதற்காகவே பிறந்தவர் மாதிரி அவர் நின்றார்.

டொக்டரின் பேனா ‘மூ’ என்று ஆரம்பித்துவிட்டது. சுதர்ஷினி அந்த எழுத்தைப் பார்த்தாள். சும்மா இருந்தாலே போதும். வேலை நிலைக்கும். கிழவர் எப்படியும் அடுத்த வருடம் வேலையை விட்டுப் போகப் போகிறவர். படுக்கையில் ஜீவராணி ஒட்சிசன் முகமூடிக்கு மேலே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அத வெட்டுங்க டொக்டர்,” என்றாள் சுதர்ஷினி. “லேபிள் ஒட்டியிருந்தா அவர் எங்க தூக்கி வச்சாலும் மாறியிருக்காது. அயடினக் கொட்டாம வச்சதும் நான்தான். புத்தகத்தக் குடுங்க, நானே எழுதுறேன்.”

இளங்குமரன் பேனாவை உதட்டில் வைத்து யோசித்தார்.

“தள்ளி வையும் எண்டு சொன்னது நான். எடுக்கேக்க என்ன மருந்து எண்டு வாய்விட்டுக் கேக்காததும் நான்தான்.” புத்தகத்தை அவளிடம் நீட்டினார். “அதையும் சேத்து எழுதும். வேலை விசயத்தை மேலிடம் பாத்துக்கொள்ளும். நான் ஒண்டும் வாக்குத் தரேலாது.”

அவள் எழுதினாள். எழுத்துக் கோணிக்கொண்டு போனது. என்றாலும் தன் பெயரைத் தெளிவாகத்தான் எழுதினாள்.

படம் வீணாகவில்லை. சவ்வின் உட்பக்கத்தில் நூல் போல ஒரு ஆரஞ்சுக் கீற்று உள்ளே ஓடியிருந்தது. கிழிசல் அங்கேதான். தைக்கக்கூடியது என்றார் டொக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவதாகவும், இரண்டு நாளைக்கு ஜீவராணியை அங்கேயே வைத்துக் கண்காணிக்கும்படி சொல்வதாகவும் சொன்னார்.

நான்கு மணிக்கு அம்புலன்ஸ் வந்தது. கூட வந்த சிங்கள நர்ஸ் புதுப் படிவமொன்றை எடுத்து, தலையை நிமிர்த்தாமல், வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். பெயர், வயது, தோட்டம். பிரஷர் இருக்கிறதா? சீனி வருத்தம்? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?

ஜீவராணி படிவத்தை எட்டிப் பார்த்தாள். சுதர்ஷினிக்குப் பொறுக்கவில்லை, தானே சொல்லிவிட வாயெடுத்தாள். ஜீவராணி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டாள்.

“இருக்கு,” என்றாள் நல்ல சிங்களத்தில், வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி. “அயடின். ரெண்டு தரம் சாகக் கெடந்தேன். சிவப்புப் பேனாவால எழுதுங்க மிஸ்.”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். சட்டைப் பையில் தேடினாள். அவளிடம் நீலப் பேனாதான் இருந்தது. மூக்கையா உள்ளே ஓடிப்போய்ச் சிவப்புப் பேனாவும் லேபிள் சுருளும் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.